ரெண்டு தட்டினா திரும்பணும்

தண்ணிக்குள்ள நாப்பது நாள் கிடந்த செம்பு பளபளன்னு இருக்குமா? நீங்களே சொல்லுங்க. வீட்டுல ஒரு செம்புப் பாத்திரத்த ஒரு வாரம் தேய்க்காம விட்டுப் பாருங்க, கோவிச்சுக்கிட்ட மூஞ்சி மாதிரி கறுத்துப் போயிடும். அப்படித்தான் இருக்கணும். ஆனா அன்னிக்கு சாயங்காலம் படகுக்காரன் தூண்டில் ரீலச் சுத்திச் சுத்தி நூல் நுனிய மேல கொண்டாந்தப்ப, அதுல தொங்கின செம்பு ஸ்பூன்ல அவன் மூஞ்சியே தெரிஞ்சுது.

அவன் கீழ அனுப்பினது ஸ்பூனே இல்ல. கட்டைவிரல் தடிமன்ல மூணு முள்ளு வச்ச இரும்புக் கொக்கி.

மோட்டார நிறுத்திட்டான். படகு தன் போக்குல கொஞ்ச தூரம் போய் நின்னுது. மரங்கூட முளைக்க யோசிக்கற உயரத்துல இருக்கற ஏரி அது. காத்து நின்னா சத்தமும் நின்னுடும். பாறைச் சரிவுலேருந்து மூடுபனி இறங்கி தண்ணி மேல உக்காந்துக்கிட்டு இருந்துச்சு. ஸ்பூன்லேருந்து சொட்டற தண்ணி படகோட அலுமினியத் தரையில விழற சத்தம் மட்டும் கேட்டுச்சு. டக். டக். டக்.

விரலால திருப்பிப் பாத்தான். ஓரத்துல சிவப்பு மணி. நடுவுல சுத்தியலால அடிச்ச சின்னச் சின்னக் குழி. சந்தேகமே இல்ல. செம்பி.

அந்தப் பேரு மச்சான் வச்சது. மச்சான்னா அவன் தங்கச்சி புருஷன். நாலு வருஷம் முன்னாடி, "ஊர்ல சும்மா திரியறதுக்கு இங்க வந்து குளிர்ல திரிடா"ன்னு சொல்லி அவன இந்த விடுதிக்குக் கூட்டிட்டு வந்ததே மச்சான்தான். பத்து ரூம் விடுதி. தங்க வர்றவங்கள படகுல ஏத்திக்கிட்டு ட்ரவுட் மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போறதுதான் ரெண்டு பேருக்கும் வேலை. ஓரிடத்துல உக்காந்து தூண்டில் போடறது இல்ல. படக நடைவேகத்துல ஓட்டிக்கிட்டே, பின்னாடி பொய் இரைய இழுத்துட்டுப் போகணும். உயிர் இரை கிடையாது, எல்லாம் ஸ்பூன்னு சொல்ற கரண்டி மாதிரித் தகடு. தகடு தண்ணிக்குள்ள நெளியறத குஞ்சு மீன்னு நம்பி ட்ரவுட் வந்து கவ்வும்.

மச்சான் ஒரு தகர டப்பா நிறைய ஸ்பூன் வச்சிருந்தான். ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு. உள்ள குண்டு போட்டுக் கலகலன்னு சத்தம் போடறதுக்கு மாமியார். வெள்ளித் தகட்டுக்குப் புது மாப்பிள்ளை. "பளபளப்புக்குக் கொறச்சல் இல்ல, ஆனா ஒரு வேலைக்கும் ஆகாது"ம்பான். செம்பிதான் உயிரு. தினம் காலையில தான் பல்லு விளக்கி முடிச்சதும் அதே பேஸ்ட்டப் போட்டு செம்பிக்கும் விளக்கிவிடுவான். இடதுகைக்காரன். அவன் போடற முடிச்சு மத்தவங்க முடிச்சக் கண்ணாடியில பாத்த மாதிரி திரும்பி இருக்கும். முடிச்சு போடறப்ப ரெண்டு கையும் வேணும்ங்கறதால ஸ்பூன உதட்டுல கவ்விக்குவான். கொக்கியோட.

"என்னிக்காவது முழுங்கப் போற மச்சான்."

"மீனு வாயத் திறந்தாத்தான்டா மாட்டும். நான் வாயத் திறக்க மாட்டேன்."

நாப்பது நாளைக்கு முன்னாடி மச்சான் ஏரியில விழுந்தப்ப, செம்பி அவன் உதட்டுலதான் இருந்துச்சு.

படகுக்காரன் முடிச்ச வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாத்தான்.

திரும்பின முடிச்சு.

*

முங்கித் தேடறவங்க எட்டு நாள் தேடினாங்க. ஒம்பதாவது நாள் அவங்க தலைவரு டீய உறிஞ்சிக்கிட்டே சொன்னாரு: "இந்தக் குளிர்ல உடம்பு ஊதாதுங்க. ஊதலேன்னா மேல வராது. வருஷக்கணக்கா அப்படியே இருக்கும், வச்சது வச்ச மாதிரி." ஏதோ நல்ல சேதி மாதிரி சொன்னாரு.

தங்கச்சி ஃபோன்ல ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. "நான் பாக்காம நம்ப மாட்டேண்ணா."

ராத்திரி கதவத் தாழ் போடறது இல்லையாம். சாப்பாட்டுக்கு ரெண்டு தட்டு எடுத்து வைக்கறாளாம். அதக் கேட்டதுக்கு அப்பறம்தான் படகுக்காரன் ஒவ்வொரு சாயங்காலமும் வேலை முடிஞ்சு தனியா படக எடுக்க ஆரம்பிச்சான். ஏரிக்கு நடுவுல தண்ணிக்கடியில ஒரு மேடு உண்டு, அங்க ஆழம் அம்பது அடிதான். மச்சான் விழுந்தது அதுக்கு மேலதான். ஈயத்த உள்ள வச்சுப் பின்னின நூலு, பத்து கஜத்துக்கு ஒரு நிறம் மாறும். படகு ஓடறப்ப நூல் சாய்வா போறதால நிறத்துக்கு அஞ்சடிதான் இறங்கும், எத்தன நிறம் வெளிய போச்சுன்னு எண்ணினா எவ்வளவு ஆழம்னு தெரியும். பத்து நிறமும் விட்டா கொக்கி மேட்டத் தொடும். சட்டையிலயோ பெல்ட்டுலயோ மாட்டினாப் போதும். ஏரி உறையறதுக்குள்ள மேல கொண்டாந்துடணும். அவ பாத்து அழுது முடிக்கணும். அவ்வளவுதான் அவனுக்கு வேணும்.

அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கிட்டான்.

செம்பி மேல வந்த அன்னிக்கு ராத்திரி, சாப்பிடறப்ப விடுதிச் சமையல்காரர் இன்னொரு விஷயத்தக் கிளப்பினாரு. எதுலயும் பாதி உப்புதான் போடுவாரு, அதனால அவருக்கு அரைஉப்புன்னு பேரு.

"தம்பி, ஃப்ரீசர்ல பாதிய உங்க மீனே அடைச்சுக்கிட்டுப் படுத்திருக்கு. மாசம் தாண்டியாச்சு. வெட்டவா, இல்ல ரூம் வாடகை போடவா?"

"இருக்கட்டும் அண்ணே."

"எட்டு கிலோ இருக்கும் போலயே. இந்த ஏரியில இப்படி ஒண்ண நான் பாத்ததே இல்ல. என்னிக்குப் பிடிச்சது?"

படகுக்காரன் சோத்தப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தான். பிசைஞ்சது பிசைஞ்சபடியே கிடந்துச்சு. "ஞாபகம் இல்ல அண்ணே"ன்னான்.

*

மறுநாள் சாயங்காலம் வேணும்னே புது மாப்பிள்ளையக் கட்டினான். தன் கையாலயே கட்டினான். அவன் முடிச்ச எப்பப் பாத்தாலும் மச்சான் சிரிப்பான்: "இது தூண்டில் முடிச்சா, செருப்பு வார் முடிச்சாடா? குடு இப்படி." பிரிச்சு, எச்சில் தொட்டு ஈரமாக்கி, இழுத்து இறுக்கி, மிச்ச நூல் வால பல்லால கடிச்சுத் துப்பிட்டுக் குடுப்பான். நாலு வருஷமும் அவன் முடிச்சு ஒண்ணு கூட அப்படியே தண்ணிக்குள்ள போனது கிடையாது.

ஒரு நிறம். ரெண்டு நிறம். மஞ்சள் போயி நீலம் வந்துச்சு, நீலம் போயி சிவப்பு. மூடுபனி காதுக்குள்ள ஈரமா நுழைஞ்சுது. பெட்ரோல் வாசனை, ஈரக் கம்பளிச் சட்டை வாசனை, பாறை வாசனை. எட்டு. ஒம்பது. பத்து. தூண்டில் கம்பு நுனி லேசா ஆடிச்சு, ஸ்பூன் நெளியற ஆட்டம்தான். அப்பறம் ஆட்டம் நின்னுது.

மாட்டின மாதிரி இல்ல. மாட்டினா கம்பு வளையும். இது வளையல. யாரோ ஓடற குழந்தைய மெதுவா கையப் பிடிச்சு நிறுத்தின மாதிரி, நுனி அசையாம இருந்துச்சு. நூல் மட்டும் விரல்ல துடிச்சுது. சின்னச் சின்ன அசைவு. ஒரு சுத்து. ரெண்டு சுத்து. ஒரு இழுப்பு. அவனுக்குத் தெரிஞ்ச அசைவு. யாரோ முடிச்சப் பிரிச்சுப் போடற அசைவு.

அப்பறம் விட்டுடுச்சு. ஸ்பூன் மறுபடி நெளிய ஆரம்பிச்சுது.

சுத்தினான். ரெண்டு தடவை கைப்பிடி நழுவுச்சு. வெள்ளித் தகடு மேல வந்தப்ப முடிச்சு திரும்பியிருந்துச்சு. வால் நறுக்குன்னு கடிபட்டிருந்துச்சு. ஸ்பூன மூக்குக்குக் கிட்ட கொண்டு போனான்.

பேஸ்ட் வாசனை.

அப்பதான் படகுக்கு அடியிலேருந்து கேட்டுச்சு.

தட். தட்.

*

அந்தத் தட்டப் பத்திச் சொல்லணும்.

படகுல மோட்டார் சத்தத்துல பேசினா கேக்காது. முன்னாடி மச்சான், பின்னாடி மோட்டார்கிட்ட படகுக்காரன், முதுகும் முதுகும். அதனால மச்சான் ஒரு பாஷை வச்சிருந்தான். பக்கத் தகட்டுல ஒரு தட்டு தட்டினா, நிறுத்து. ரெண்டு தட்டினா, திரும்பு. மூணு தட்டினா, மீன் மாட்டியிருக்கு, எது வந்தாலும் நிறுத்தாம ஓட்டு. ஏன்னா படகு நின்னா நூல் தொய்யும், நூல் தொய்ஞ்சா மீன் போச்சு. மச்சான் அதே பாஷையத்தான் வீட்டுலயும் பேசுவான். குளியலறைக் கதவுல ரெண்டு தட்டினா, துண்ட மறந்துட்டேன், திரும்பி வான்னு அர்த்தம். தங்கச்சி ஆரம்பத்துல சிரிச்சா, அப்பறம் அவளும் தட்ட ஆரம்பிச்சுட்டா.

மச்சான் விழுந்த அன்னிக்கு படகுல ரெண்டே பேருதான். மச்சான் ஸ்பூன் மாத்தறதுக்காக எழுந்து நின்னான், செம்பி உதட்டுல. மிதவைச் சட்டைய வழக்கம்போல மடிச்சுப் போட்டு அதுவரைக்கும் அது மேலதான் உக்காந்திருந்தான். அதே நேரத்துல படகுக்காரனோட கம்பு வில்லா வளைஞ்சுது. ஏரியே பிடிச்சு இழுக்கற மாதிரி. படகு ஒரு பக்கமா ஆடிச்சு. பின்னாடி ஏதோ தண்ணியில விழுந்த சத்தம்.

திரும்பிப் பாத்தான். பாத்தான்ங்கறதுதான் விஷயம். மச்சான் தலை தண்ணிக்கு மேல தெரிஞ்சுது, வாய் மூடியிருந்துச்சு. உதட்டுல செம்பி மின்னுச்சு. அவன் கத்தல. கொக்கியக் கவ்விக்கிட்டு எப்படிக் கத்தறது? ஓடற படக எட்டி விரல் முட்டியால தட்டினான்.

தட். தட்.

நீச்சல் தெரிஞ்சவன்தானே. ரெண்டு நிமிஷம். இப்படி ஒரு மீனு வாழ்க்கையில ஒரு தடவைதான்.

படகுக்காரன் ஒரு கையால கம்பப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கை முட்டியால திருப்பித் தட்டினான். சிரிச்சுக்கிட்டே தட்டினான்.

மூணு தட்டு.

மீன வலையில அள்ளிப் போட்டுட்டுத் திரும்பினப்ப தண்ணி மேல தொப்பிதான் இருந்துச்சு.

விழுந்த உடனே திரும்பிட்டேன்னு எல்லார்கிட்டயும் சொன்னான். போலீஸ்கிட்ட, விடுதிக்காரர்கிட்ட, தங்கச்சிகிட்ட. மீன யாரும் பாக்கறதுக்கு முன்னாடி ஃப்ரீசருக்குள்ள அடியில போட்டான். திங்கவும் முடியல, தூக்கிப் போடவும் முடியல.

*

மூணாவது நாள் மத்தியானம் தங்கச்சி ஃபோன் பண்ணினா. அடிவாரத்துக்கு வந்துட்டாளாம். பஸ் ஸ்டாண்டு எதுத்தாப்புல ரூம் எடுத்திருக்காளாம். காலையில முதல் வண்டியில மேல வர்றேன், அவரு துணிமணிய நானே எடுத்துக்கறேன்னா.

சாயங்காலம் படகுக்காரன் ஃப்ரீசரத் திறந்தான். மீன் கல்லு மாதிரி இருந்துச்சு. சாக்குல சுத்தித் தோள்ல போட்டுக்கிட்டான். குழந்தையத் தூக்கற கனம். சட்டையத் தாண்டிக் குளிர் தோள்ல ஏறுச்சு. ஏரி ஓரத்துல அப்பவே கண்ணாடி மாதிரி மெல்லிசா பனிக்கட்டி கட்டியிருந்துச்சு. படகு நகரறப்ப அது சலசலன்னு உடைஞ்சுது.

மேட்டுக்கு மேல வந்து மோட்டார வேகம் குறைச்சான். சாக்கப் பிரிச்சான். மீனோட கண்ணு வெள்ளையாப் பூத்திருந்துச்சு, வாயி திறந்தே இருந்துச்சு. பாக்கெட்லேருந்து செம்பிய எடுத்து அந்த வாயில மாட்டினான்.

"இந்தா மச்சான். உன்னோடதுதான். ரெண்டையும் வச்சுக்க. நாளைக்கு உன் பொண்டாட்டி வர்றா. ஒண்ணும் பண்ணாத."

தண்ணியில விட்டதும் மீன் முங்குச்சு. செம்பி ஒரு தடவை மின்னுச்சு. கொஞ்சம் கீழ இன்னொரு தடவை. அப்பறம் கறுப்பு.

மூச்ச விட்டான். நாப்பது நாள் அடக்கி வச்ச மூச்சு. மோட்டார முடுக்கினான்.

தட். தட்.

காலுக்கு அடியில. தகடு அதிர்ந்து பாதத்துல ஏறுச்சு.

பனிக்கட்டியா இருக்கும். உடைஞ்ச பனிக்கட்டி அடியில இடிக்குது. வேற என்ன?

தட். தட்.

நடு ஏரியில பனிக்கட்டி இல்ல.

திரும்பல. முதுகுக்குப் பின்னாடி, மச்சான் உக்காரற பலகை கிறீச்சுனுச்சு. கனம் ஏறினா வர்ற சத்தம். படகோட முன்பக்கம் கொஞ்சம் அமிழ்ந்துச்சு. அவன் பின்பக்கமாவே பாத்துக்கிட்டு, கரையக் கூட குத்துமதிப்பா வச்சு ஓட்டினான். ஈரக் கம்பளி வாசனை வந்துச்சு. தன்னோடதுதான். தன்னோடதாத்தான் இருக்கணும். பேஸ்ட் வாசனை.

தட். தட்.

திரும்பல.

தட். தட்.

திரும்பவே இல்ல. கரை இடிச்சுது. குதிச்சு ஓடினான். படகக் கூடக் கட்டல.

*

ரூம்ல ஹீட்டரப் போட்டுக்கிட்டு கம்பளிக்குள்ள உக்காந்திருந்தப்ப ஃபோன் அடிச்சுது.

"சாப்பிட்டியாண்ணா?"

"ம். நீ?"

"ஆச்சு. இங்க என்னண்ணா, மீன்கொழம்புன்னு சொல்லி மஞ்சத்தண்ணி ஊத்தறான். அவரு இருந்திருந்தா எந்திரிச்சு அடுப்படிக்கே போயிருப்பாரு." சிரிக்கப் பாத்தா. சிரிப்பு பாதியில நின்னுது. "அண்ணா, ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு. என்னவா இருந்தாலும் பரவால்ல. தெரிஞ்சாப் போதும் எனக்கு."

"கேளும்மா."

"விழுந்ததும் அவரு தட்டினாரா?"

ஹீட்டர் கம்பி சிவப்பா முனகிக்கிட்டு இருந்துச்சு. ஜன்னலுக்கு வெளிய ஏரிப் பக்கத்துலேருந்து நொறுநொறுன்னு சத்தம். தண்ணி உறையற சத்தம் அது. சொல்லிடலாம். இப்ப சொன்னா அவ கத்துவா, அழுவா, இனி மூஞ்சியிலயே முழிக்க மாட்டா. ஆனா கதவத் தாழ் போட்டுத் தூங்குவா. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. வாயத் திறந்தான்.

"இல்லம்மா. தட்டவே இல்ல. தட்டியிருந்தா நான் திரும்பியிருக்க மாட்டேனா?"

"சரிண்ணா. தூங்கு. காலையில பாக்கலாம்"னு வச்சுட்டா.

படுத்தான். தூக்கம் உடனே வந்துச்சு, யாரோ கயித்தக் கட்டி உள்ள இழுத்த மாதிரி. தூங்கறதுக்கு முன்னாடி வாய்க்குள்ள ஏதோ ருசி. பல்லு விளக்கலையே இன்னிக்கு, எங்கேருந்து வருது இந்தப் பேஸ்ட் ருசின்னு யோசிச்சான். அதுக்கு அடியில இன்னொரு ருசி. காசு சப்பின மாதிரி. செம்பு.

உதட்டுல சின்னதா ஒரு சுருக்கு. எறும்பு கடிச்ச மாதிரி.

*

மறுநாள் காலையில ஏரி முழுசா உறைஞ்சிருந்துச்சு. படகு துறையில கட்டியிருந்துச்சு, முடிச்சு இடதுகை முடிச்சு. தங்கச்சி ஏழு மணி வண்டியில வந்தா. அரைஉப்பு அவ பையத் தூக்கிக்கிட்டு வந்து ரூமக் காட்டினாரு. கதவு திறந்திருந்துச்சு. படகுக்காரன் கட்டில் ஓரத்துல உக்காந்திருந்தான். வாய் மூடியிருந்துச்சு. கீழ் உதட்டு ஓரத்துல செம்பி பளபளன்னு தொங்குச்சு, கொக்கி உள்பக்கமா ஏறி கன்னத்துல நுனி தெரிஞ்சுது. அதுலேருந்து ஈய நூல் தரை வழியா, வாசப்படி வழியா, துறை வழியா, நிறம் நிறமா போயி உடையாத பனிக்கட்டிக்குள்ள இறங்கியிருந்துச்சு. அவ குனிஞ்சு நூலக் கையில எடுத்தா. நூல் இறுகுச்சு. படகுக்காரன் தலை ஏரிப் பக்கம் திரும்புச்சு. அப்ப பனிக்கட்டிக்கு அடியிலேருந்து சத்தம் கேட்டுச்சு. அவ எண்ணினா.

மூணு தட்டு.